கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) நடக்கும்போது வேறு எதைச் சேர்க்கலாம், எதைத் தள்ளி வைக்கலாம்: புதிதாக வருகிறவர்களுக்கு

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்ததும், ஆலோசனை சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்வார். இன்னொருவர் சர்க்கரையை அடியோடு நிறுத்தச் சொல்வார். பக்கத்து ஊரில் ஒரு வைத்தியர் இருக்கிறார், கத்தியும் வேண்டாம் கரண்டும் வேண்டாம் என்பார் மூன்றாமவர். எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இவற்றில் சில உண்மையிலேயே உதவும், சில எதுவும் செய்யாது, சில உயிரையே எடுத்துவிடும். எது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளியைவிட, ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவருக்கு இது அதிகம் பயன்படும்.

முதலில் சிகிச்சைத் திட்டம் முழுதாகக் கையில் இருக்கட்டும்

எதையும் சேர்ப்பதற்கு முன்னால், எதோடு சேர்க்கிறோம் என்று தெரிய வேண்டும். டாக்டரிடம் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வகைப் புற்றுநோய், எந்த நிலை, முழுதாகக் குணப்படுத்தும் நோக்கமா அல்லது கட்டுக்குள் வைக்கும் நோக்கமா, என்னென்ன மருந்துகள், எத்தனை சைக்கிள் (சுற்று), இடைவெளி எத்தனை நாள், அறுவை சிகிச்சை முன்னாலா பின்னாலா, கரண்ட் உண்டா. கேட்கத் தயங்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் இரண்டாவது கருத்துக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்கள் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகள் இருக்கின்றன. அட்டை இருந்தால் முதல் நாளே அதைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். பணத்துக்குப் பயந்து மாற்று வழிக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. அந்தப் பயத்துக்கு ஓரளவு பதில் இந்த அட்டையில் இருக்கிறது.

மருந்தின் பெயர் தெரிவது ஏன் அவ்வளவு முக்கியம்? ஓர் உதாரணம். ஆக்சாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிய பிறகு சில நாட்களுக்குக் குளிர்ச்சியான எதுவும் ஆகாது. ஐஸ் தண்ணீர் ஒரு வாய் குடித்தால் தொண்டையை அடைப்பது போல் இருக்கும், ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டால் ஊசி குத்தும். ஆனால் ஃபைவ்-எஃப்.யூ. மருந்தை ஒரே ஊசியாக வேகமாகச் செலுத்தும்போது, வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நல்லது செய்தது உங்களுக்குக் கெடுதல் செய்யலாம். "கீமோ எடுத்தால் இதைச் செய்" என்று பொதுவாகச் சொல்கிற எந்தக் குறிப்பையும் இந்த ஒரு காரணத்துக்காகவே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017, 2018 ஆண்டுகளில் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். முதலாவது, பரவாத நிலையில் இருந்த மார்பகம், நுரையீரல், பெருங்குடல், ப்ராஸ்டேட் புற்றுநோயாளிகளைப் பற்றியது. வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் அபாயம் சுமார் 2.5 மடங்கு, மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் 5 மடங்குக்கும் மேல். இரண்டாவது ஆய்வுதான் இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கம். வழக்கமான சிகிச்சையோடு மாற்று வைத்தியத்தையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கும் அபாயம் சுமார் இரண்டு மடங்கு இருந்தது. காரணத்தைத் தேடியபோது தெரிந்தது: அவர்களில் பலர் அறுவை சிகிச்சை, கீமோ, கரண்ட், ஹார்மோன் மாத்திரை இவற்றில் ஏதாவது ஒன்றை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதைக் கணக்கில் எடுத்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆக, இலைச் சாறு குடித்ததைவிட, அது கொடுத்த தைரியத்தில் நாலாவது சைக்கிளுக்குப் போகாமல் இருந்ததுதான் கொன்றது. பக்கத்தில் சேர்க்கிற எதுவும் சிகிச்சையை முழுதாக, தேதி தவறாமல் முடிக்க உதவ வேண்டும். எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

இரண்டாவது, ஒரு பட்டியல்

ஒரு பக்கம் போதும். வாய்க்குள் போகிற எல்லாம் அதில் வர வேண்டும்: சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, வைட்டமின், புரத மாவு, சூரணம், லேகியம், கஷாயம், ஹோமியோபதி, பாட்டி கொடுக்கும் காலை மருந்து. பாக்கெட்டும் பாட்டிலும் இருந்தால் அவற்றையே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

"டாக்டர் திட்டுவார்" என்று பலர் மறைக்கிறார்கள். உண்மைதான், சிலர் கடிந்துகொள்வார்கள். அதனால் கேட்கிற விதத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். "சித்த மருந்து சாப்பிடலாமா சார்?" என்று பொதுவாகக் கேட்டால் "வேண்டாம்" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். "இதில் இன்னின்ன சேர்ந்திருக்கிறது. இப்போது ஏற்றுகிற மருந்தோடு மோதுமா? அறுவைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்தணும்? கல்லீரல் டெஸ்ட் அடிக்கடி பார்க்கணுமா?" என்று கேட்டால் பதில் வரும். டாக்டருக்கு நேரமில்லை என்றால் கீமோ வார்டு நர்ஸிடமும் மருத்துவமனை உணவியல் நிபுணரிடமும் கேளுங்கள். பல சமயம் அவர்கள்தான் பொறுமையாகப் பேசுவார்கள்.

இன்றே தொடங்கக்கூடியவை

நடை. இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. கீமோ எடுக்கிறவர் படுத்தே இருக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. "நீ எழுந்திருக்காதே, நான் கொண்டு வர்றேன்" என்கிறோம். ஆனால் கீமோ களைப்பு ஓய்வெடுத்தால் தீராது. படுக்கப் படுக்க தசை கரைந்து இன்னும் கூடும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ஆஸ்கோ 2022-இல், குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை எடுக்கிறவர்கள் சிகிச்சையின்போதே உடற்பயிற்சி செய்யப் பரிந்துரைத்தது. மெதுவாகத் தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே, அப்புறம் மொட்டை மாடி, அப்புறம் தெரு. பத்து நிமிடம் முடிகிறதா, அது போதும், நாளைக்குப் பன்னிரண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது நல்ல நாட்களுக்கான இலக்கு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது தொடைத் தசைக்கு நல்லது. தலைசுற்றல், காய்ச்சல், மூச்சிரைப்பு, ஹீமோகுளோபின் மிகக் குறைவு என்றால் அன்றைக்கு விட்டுவிடலாம். எலும்புக்குப் பரவியிருந்தால் எந்த அசைவு ஆகாது என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சாப்பாட்டில் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு, கஞ்சி. இட்லி, ரசம் சாதம், கேழ்வரகுக் கஞ்சி, இளநீர் என்றே வாரக்கணக்கில் ஓட்டுவார்கள். வயிறு நிறையும், புரதம் சேராது. சிகிச்சையின்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 50 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 14, 100 கிராம் மீனில் 20-ஐ ஒட்டி வரும். அசைவம் சாப்பிடாத வீட்டில் பருப்பைக் கெட்டியாக வேகவைத்து, கஞ்சியிலேயே பொட்டுக்கடலை மாவும் பாலும் சேர்த்து, பன்னீர், வேர்க்கடலை என்று தேட வேண்டும். "கறி, முட்டை எல்லாம் சூடு, கட்டி வளரும்" என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. எடை சரிந்தால் மருந்தின் அளவைக் குறைக்கவோ, சைக்கிளைத் தள்ளி வைக்கவோ வேண்டி வரும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் புரதத்தையும் இளநீரையும் டாக்டர் சொல்லும் அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை பற்றி: இனிப்பை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பது சரியல்ல. சாப்பிடாவிட்டாலும் உடல் தானே குளுக்கோஸ் தயாரித்துக்கொள்ளும். கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் நீரிழிவு உள்ளவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மற்றபடி, ஒன்றும் இறங்காத நாளில் ஒரு ஸ்பூன் பாயசம் இறங்கினால் கொடுங்கள். சஷ்டி, பிரதோஷம் என்று விரதம் இருப்பவர்கள் சிகிச்சை முடியும்வரை அதைத் தள்ளி வைப்பது நல்லது.

குமட்டலுக்கு முதலில் டாக்டர் எழுதிய மாத்திரை, அதுவும் வாந்தி வருவதற்கு முன்பே. அதோடு சமையலில் இஞ்சி, சுக்கு சேர்த்துக்கொள்ளலாம். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. உள்பக்க மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பார்க்கலாம். செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து நாளில் பல முறை கொப்பளிக்கலாம். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டாம்.

யோகா, மூச்சுப் பயிற்சி, தியானம், ஜபம், தொழுகை, பாட்டு எதுவானாலும் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லது. ஆஸ்கோவும் ஒருங்கிணைந்த புற்றுநோய் சிகிச்சைக்கான சங்கமும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தியானப் பயிற்சிகளுக்கும் யோகாவுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியரிடம் நோயின் பெயரை மறைக்காமல் சொல்லுங்கள். வயிற்று அறுவை முடிந்த புதிதில் கபாலபாதி வேண்டாம். எலும்பில் பரவல் இருந்தால் முறுக்கும் ஆசனமும் குனியும் ஆசனமும் வேண்டாம். தலைகீழ் ஆசனங்களைச் சிகிச்சைக் காலம் முழுக்கவே விட்டுவிடலாம். ஸ்டீராய்டு எடுக்கும் நாளில் தூக்கம் வராது. அதைக் காலையில் எடுக்கலாமா என்று கேளுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம்.

புகையிலை, பாக்கு, மது மூன்றையும் இன்றே நிறுத்த வேண்டும். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். "வந்தது வந்துவிட்டது, இனி விட்டு என்ன" என்ற பேச்சு தவறு. விட்டவர்களுக்கு அறுவைப் புண் சீக்கிரம் ஆறும், கரண்ட் நன்றாக வேலை செய்யும்.

கேட்டுவிட்டுச் சேர்க்க வேண்டியவை

அக்குபங்சருக்குச் சில இடங்களில் நல்ல ஆதாரம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரை எடுக்கிற பெண்களுக்கு வரும் மூட்டு வலிக்கு அதைப் பரிந்துரைக்கலாம் என்று அதே இரண்டு சங்கங்கள் வலிக்காக வெளியிட்ட 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. புது ஊசி, பயிற்சி பெற்றவர், இரத்தத்தில் வெள்ளையணுவும் தட்டணுவும் (பிளேட்லெட்) போதுமான அளவு, இந்த மூன்றும் இருந்தால் சரி. ஆனால் நம் ஊரில் அக்குபங்சர் என்ற பெயரில் "எல்லா மருந்தையும் நிறுத்து, உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்" என்று சொல்கிற சிலர் இருக்கிறார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்ட உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

எண்ணெய் தேய்த்து மெல்ல நீவி விடுவது உடம்புக்கும் மனதுக்கும் இதம். அழுத்திப் பிடிப்பதுதான் ஆபத்து. தட்டணு 50,000-க்குக் கீழே இருந்தால், காலில் இரத்தக் கட்டு இருந்தால், எலும்பில் பரவல் இருந்தால் மசாஜும் வர்மமும் கூடாது. கட்டி உள்ள இடத்தையும், மருந்து ஏற்றத் தோலுக்கடியில் போர்ட் வைத்த இடத்தையும் தொட வேண்டாம். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த கையில் வீக்கம் வந்தால், அதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்தான் நீவ வேண்டும். கரண்ட் வைக்கும் தோலில் மஞ்சள், சந்தனம், எண்ணெய், பவுடர் எதையும் கேட்காமல் தடவாதீர்கள்.

சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடத்துக்கு, பட்டம் பெற்ற மருத்துவரிடம் போங்கள்; கீமோ சீட்டையும் இரத்தப் பரிசோதனையையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருந்தின் பெயரையும் சேர்மானத்தையும் எழுதி வாங்கி, புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம். பாதரசம், பாஷாணம் சேர்ந்த பற்பங்களும் செந்தூரங்களும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கலாம். சிஸ்ப்ளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறவரின் சிறுநீரகம் ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும். சீந்தில் கொடியை நாட்கணக்கில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததை கோவிட் காலத்தில் மும்பை உள்ளிட்ட ஊர்களின் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மஞ்சளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். குழம்பிலும் பாலிலும் சேரும் மஞ்சள் கவலைக்குரியதல்ல. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் வேறு விஷயம். நெதர்லாந்தில் 2019-இல் வெளிவந்த ஆய்வில், டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் ஹார்மோன் மாத்திரை எடுக்கிற பெண்களுக்கு இப்படிப்பட்ட கேப்சூலைக் கொடுத்தபோது, டமாக்சிஃபெனிலிருந்து உடலில் உருவாகும் செயல்படு பொருள் சுமார் 12 சதவீதம் குறைந்தது. அறுவைக்கு முன்னால் இத்தகைய கேப்சூல்கள் இரத்தக் கசிவையும் கூட்டலாம். பம்பளிமாஸும் சில மருந்துகளோடு மோதும். மாத்திரை வடிவில் புற்றுநோய் மருந்து எடுப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டும். அதிக அளவு வைட்டமின் மாத்திரைகளும் அப்படியே. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 1994-இல் வெளிவந்தது. கொடுக்கப்பட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது.

தொடவே கூடாதவை

முள்சீத்தா இலையும் பழமும் ஆய்வகத் தட்டில் உள்ள செல்களைக் கொன்றதாக வந்த செய்திதான் நம் வாட்ஸ்அப்பில் "கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு" என்று சுற்றுகிறது. மனிதர்களுக்குப் புற்றுநோய் குணமானது என்று காட்டிய ஆய்வு கிடையாது. தொடர்ந்து எடுப்பவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வரலாம் என்ற எச்சரிக்கை உண்டு. "வைட்டமின் பி17" என்று விற்கும் ஆப்ரிகாட் விதை வைட்டமினே அல்ல. உடலில் சயனைடை உண்டாக்கும் பொருள் அது. அந்த விதையில் உள்ள அமிக்டலினை அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லை என்று 1982-இலேயே எழுதிவிட்டார்கள்.

நித்யகல்யாணி கதை வேறு மாதிரி. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் அந்தச் செடியிலிருந்து வந்தவைதான். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் இன்றும் வின்கிரிஸ்டின் ஏற்றுகிறார்கள். அதனால்தான் "செடியையே அரைத்துக் குடித்தால் என்ன" என்று கேட்கிறார்கள். வின்கிரிஸ்டின் ஒரு முறைக்குப் பெரியவர்களுக்கே பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போகாது. அதற்கு மேல் நரம்பைக் கெடுக்கும். இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் அளந்து கொடுக்க முடியாது.

உறவினர்களிடம் சண்டை போட வேண்டாம். "சரி பெரியப்பா, பட்டியல்ல எழுதிக்கிறேன், டாக்டர்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றால் போதும். அவர் மனமும் நோகாது, பாட்டிலும் திறக்கப்படாது.

காய்ச்சல் வந்தால்

இதை மட்டும் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு முறை கீமோ ஏற்றிய பிறகும் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள்வரை கவுண்ட் (வெள்ளையணுக்களின் எண்ணிக்கை) மிகக் கீழே போகும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நிலவேம்புக் கஷாயம் கொடுத்துப் பார்க்கக் கூடாது. வாசலிலேயே "கீமோ நோயாளி, காய்ச்சல்" என்று சொல்லுங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். இந்த நாட்களில் அருகம்புல் சாறு, பச்சை முளைகட்டிய பயறு, ரோட்டோரக் கரும்புச் சாறு, வெட்டி வைத்த பழம், காய்ச்சாத பால் எதுவும் வேண்டாம். சூடாகச் சமைத்தது, உரித்துத் தின்னும் பழம், கொதித்து ஆறிய தண்ணீர் போதும்.

வலிக்கும் மனதுக்கும் ஆள் வைத்துக்கொள்ளுங்கள்

வலி தணிப்புப் பிரிவு என்றாலே "கைவிட்டுவிட்டார்கள்" என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே வலி தணிப்புக் குழுவையும் பார்த்தவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள், நீண்டும் வாழ்ந்தார்கள்: 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். வலி, குமட்டல், தூக்கமின்மை, பயம் எதுவானாலும் முதல் மாதத்திலேயே அவர்களைப் பார்க்கக் கேளுங்கள். கூடவே இருந்து கவனிக்கிறவருக்கும் ஒருவரிடம் பேச உரிமை உண்டு.

சிகிச்சை முடிந்த பிறகு

கடைசி சைக்கிள் முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். கஷாயமும் கேப்சூலும் மறுபடி தலைகாட்டுகிற நேரம் அதுதான். டமாக்சிஃபென் 5 வருடம், சிலருக்கு 10 வருடம்கூடப் போகும். அத்தனை காலமும் அந்தப் பட்டியல் ஃபைலில் இருக்க வேண்டும். நடையும் நிற்கக் கூடாது. கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2025-இல் வெளிவந்த ஆய்வில், அறுவையும் கீமோவும் முடிந்த பிறகு மூன்று வருடம் பயிற்சியாளரோடு உடற்பயிற்சி செய்தவர்களில் 8 வருட முடிவில் 90.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். உடற்பயிற்சிக் கையேடு மட்டும் வாங்கிக்கொண்டவர்களில் அது 83.2 சதவீதம். டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த மருந்துகள், கரண்ட் அளவு, அடுத்த பரிசோதனைத் தேதி எல்லாம் சேர்ந்த ஒரு சுருக்கத்தை எழுதி வாங்குங்கள். அதே நாளில், மாலை நடைக்கு யார் கூட வருவது என்றும் வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.